மணல்மேட்டுக்கு எந்தத் தடித்த டயர்? வேன்வேன், பிக் வீல், ஃபேட் கேட்

பழைய தடித்த டயர் மினிபைக் ஒன்றைப் பார்க்கப் போனால் நான் எஞ்சினிடம் போவதில்லை. குந்தி உட்கார்ந்து முதலில் டயரைப் படிக்கிறேன். சாலைக்கும் உரிய டயராக இருந்தால் அதன் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருந்தால், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்கின்றன. மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் செய்யப்பட்டது. ரப்பர் எவ்வளவு கறுப்பாகப் பளபளத்தாலும், விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்புகள் வாய் திறக்கும். அடுத்து, வால்வு. அது ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்று மிகவும் குறைந்த நிலையில் யாரோ ஓட்டியிருக்கிறார், டயர் ரிம்மில் வழுக்கிச் சுழன்று உள்ளே இருக்கும் ட்யூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு நேரம் டயரிலேயே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை வண்டியில் மற்ற எல்லாமே டயருக்காகச் செய்யப்பட்டவை. ஒட்டகத்தின் பாதம் அகன்று மணலை அழுத்தாமல் மிதிப்பதைப் போல, காற்று குறைந்த தடித்த டயர் எடையைப் பரப்பிவிடுகிறது. ஒல்லியான டயர் வண்டி மணலைக் கிழித்து இறங்கி நிற்கும் இடத்தில், இது நிதானமாக மேலே ஊர்ந்து போகிறது. அந்த டயர் கிடைக்காத வண்டி எவ்வளவு அழகானதாக இருந்தாலும் கொட்டகையில் நிற்கத்தான் போகிறது. இந்த மூன்று வண்டிகளையும் நான் ஒப்பிடுவதன் அடிப்படை இதுதான்.

எங்கள் நண்பர் குழுவில் மூன்றும் இருக்கின்றன. என்னுடையது 1974ஆம் ஆண்டின் சுசுகி ஆர்வி90. ஒரு நண்பரிடம் யமஹா பிக் வீல் 200, இன்னொருவரிடம் ஹோண்டா ஃபேட் கேட். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையில், ஃப்ளாரன்ஸ் நகரிலிருந்து கூஸ் பே வரை ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் மணல்மேடுகளில் வண்டி ஓட்ட அனுமதி உள்ள பகுதிகளுக்குக் கோடைதோறும் போகிறோம். ஒருவர் வண்டியை மற்றவர் ஓட்டிப் பார்த்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

சுசுகி ஆர்வி90

ஜப்பானில் 1971இல் ‘வேன்வேன்’ என்ற பெயரில் வந்த வண்டி இது. 88 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், நான்கு கியர், பத்து அங்குல ரிம்மில் 6.7 அங்குல அகல பலூன் டயர். எடை நூறு கிலோவைத் தொடாது. கடற்கரைக்கும் தோட்டத்துக்கும் விடுமுறை நாளுக்கும் என்று செய்யப்பட்ட வண்டி. அவசரமே இல்லாத ஒரு மகிழ்ச்சி அதன் உருவத்திலேயே இருக்கிறது. தடித்த இருக்கை, தாழ்ந்த உயரம், இரண்டு கால்களும் தரையில் முழுதாகப் பதியும் வசதி. முதன்முறை மணலில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பயம் போக்கும் வண்டியை நான் பார்த்ததில்லை. சாய்ந்தால் சாய்ந்ததுதான். ஒரு கையால் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி உதைக்கலாம்.

பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனித் தொட்டியிலிருந்து சிறு பம்ப் ஒன்று எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுசுகி அந்த முறையை சிசிஐ என்று அழைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது வயதான பம்பை நம்பி முதல் நாளே மணல்மேடு ஏறக் கூடாது. எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். நான் வாங்கிய முதல் மாதம் முழுவதும், பம்ப் வேலை செய்வது உறுதியாகும்வரை, பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் கலந்தே ஓட்டினேன். புகை கூடுதலாக வந்தது, எஞ்சின் பிழைத்தது.

இதன் குறை இரண்டு. ஒன்று, வலு. தளர்ந்த மணலில் செங்குத்தான மேட்டை இது ஏறாது. ஓடிவந்த வேகத்தில் பாதி ஏறி, இரண்டாம் கியரில் திணறி, நின்றுவிடும். நான் 70 கிலோ எடையுள்ளவன். என்னைவிடக் கனமானவர் ஓட்டினால் அந்தப் பாதியும் கால்வாசியாகும். இரண்டு, டயர். 6.7–10 என்ற அளவு எந்தக் கடையின் அலமாரியிலும் காத்திருப்பதில்லை. தேடி, விசாரித்து, தபாலில் வரவழைக்க வேண்டும். அண்ணன் மாடலான ஆர்வி125இன் முன்சக்கரம் பதினான்கு அங்குலம், பின்சக்கரம் பன்னிரண்டு அங்குலம். அதன் டயர்களைத் தேடுவது இன்னும் கடினம். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் டயர் விற்பவரிடம் பேசிவிடுங்கள்.

யமஹா பிக் வீல் 200

இதன் கதை வேறு. 1970இல் ஹோண்டா தொடங்கிவைத்த மூன்று சக்கர மணல் வண்டி மோகம் 1980களில் உச்சத்தில் இருந்தது. அந்த வண்டிகளின் உப்பிய டயரை இரண்டு சக்கரத்தில் மாட்டினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1985இல் வந்த பிக் வீல். 196 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ஐந்து கியர், கையால் இயக்கும் கிளட்ச். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. சிறுவர்களுக்கான 80 சிசி தம்பியும், அதிகம் கண்ணில் படாத 350 அண்ணனும் உண்டு.

வேன்வேனிலிருந்து இறங்கி இதில் ஏறியவுடன் தெரிவது அதன் முறுக்கு. மணலில் தேவைப்படுவது வேகம் அன்று, குறைந்த சுற்றிலும் விடாமல் தள்ளும் பலம். பிக் வீல் மேட்டின் நடுவே தளரும்போது கிளட்சை இலேசாகத் தொட்டுவிட்டால் எஞ்சின் மூச்சை மீட்டுக்கொள்கிறது. அந்தக் கைப்பிடி கிளட்சுக்காகவே நான் இதை ஃபேட் கேட்டைவிட மேலே வைக்கிறேன். மணல் நொடிக்கு நொடி மாறுவது. அதற்கு எவ்வளவு வலு தருவது என்பதை விரல் நுனியில் வைத்திருப்பது பெரிய வசதி.

டயர் விஷயத்திலும் இதுவே முந்துகிறது. மூன்று, நான்கு சக்கர மணல் வண்டிகளின் டயர் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மாற்று டயர் தேடுவதற்கு வழி இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை. நான்கு சக்கர வண்டியின் டயர் தட்டையான முகம் கொண்டது, ஏனென்றால் அந்த வண்டி சாய்வதில்லை. அதைப் பிக் வீலில் மாட்டினால் திருப்பத்தில் வண்டி சாய மறுத்து நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும், பிறகு விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று விழும். முகம் உருண்ட டயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் நண்பர் முதலில் மலிவாகக் கிடைத்த தட்டை டயரைப் போட்டு ஒரு கோடை முழுவதும் தோள் வலியோடு ஓட்டினார். உருண்ட டயருக்கு மாறிய அன்று அது வேறு வண்டியாகிவிட்டது.

ஹோண்டா ஃபேட் கேட்

1986, 1987 ஆகிய இரண்டே மாடல் ஆண்டுகள். 199 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், ஐந்து கியர், கிளட்ச் தானியங்கி. கியரைக் காலால் மாற்றினால் போதும், கைக்கு வேலையில்லை. வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. காட்டுப் பாதையில், கல்லும் வேரும் நிறைந்த ஈர மண்ணில், நாள் முழுவதும் மெதுவாக உருள இதைப் போல நிதானமானது இல்லை. இடது மணிக்கட்டில் வலி உள்ள என் நண்பர் இதை வைத்திருப்பதன் காரணமும் அதுதான். ஆனால் மணல்மேட்டில் அது எடையைக் காட்டுகிறது. இரண்டே ஆண்டுகள் விற்ற வண்டி என்பதால், இதற்கென்றே செய்த பாகம் ஒன்று உடைந்தால் பல வாரம் காத்திருக்க வேண்டும். ஃபேட் கேட் வாங்குவதானால் பிளாஸ்டிக், இருக்கை, சைலன்சர் மூன்றும் முழுமையாக இருப்பதை மட்டுமே வாங்குங்கள்.

ஆக, மணலில் ஓட்டுவதற்காகவே ஒரு வண்டி என்றால் பிக் வீல் 200. மனத்துக்குப் பிடித்தது எது என்று கேட்டால் என் பதில் வேன்வேன்தான். இந்த இரண்டு பதில்களையும் குழப்பிக்கொள்ளாதவர் ஏமாற மாட்டார்.

புதியது வாங்கினால் என்ன?

இந்தக் கேள்வி நியாயமானது. கோல்மேன் பெயரில் விற்கும் 196 சிசி மினிபைக் போன்றவை ஆயிரம் டாலருக்குள் புதிதாகவே கிடைக்கின்றன. கயிற்றை இழுத்தால் உயிர் பெறும் எளிய எஞ்சின், 19 அங்குல டயர், கியர் கிடையாது. சமதளப் புல்வெளியில் பிள்ளைகளும் பெரியவர்களும் சுற்றி வர நல்ல வண்டி. ஆனால் பின்பக்கம் ஸ்பிரிங் இல்லை. தளர்ந்த மணலில் மெதுவாக ஏறும்போது, சுழற்சி விசையால் பிடிக்கும் அதன் சிறிய கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறுகிறது. மேடு ஏறும் எண்ணம் இருந்தால், வேகத்துக்கு ஏற்ப விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பெல்ட் அமைப்பான டார்க் கன்வெர்ட்டர் பொருத்திய வகையைத்தான் வாங்க வேண்டும். எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிடுவதும் பலர் செய்யும் வேலை. அந்த எஞ்சினின் கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் அப்படிக் கட்டுப்பாடில்லாமல் சுற்றும் வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. காலுக்குப் பக்கத்தில் உலோகம் சிதறும் ஆபத்தை யாரும் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

பழமையின் சாயலும் வேண்டும், பாகமும் கிடைக்க வேண்டும் என்பவருக்கு யமஹா டிடபிள்யூ200 இருக்கிறது. 1987இல் பிக் வீலின் வழியில் வந்த வண்டி. பின்னால் 180/80-14 டயர். 2001இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. சாலையிலும் ஓட்டலாம். மணலில் பிக் வீல் அளவுக்கு மிதக்காது. ரோக்கான் என்ற இரு சக்கரமும் இயங்கும் அமெரிக்க வண்டியையும் சிலர் கேட்கிறார்கள். சக்கர உருளைகளுக்குள் தண்ணீரோ பெட்ரோலோ நிரப்பிக்கொண்டு போகலாம், ஆற்றில் விழுந்தால் மிதக்கும். அது வேலைக்காரக் கழுதை. மணல்மேட்டில் விளையாட அதை வாங்க வேண்டாம்.

வாங்கும் நாளில்

டயரையும் வால்வையும் பார்த்தாயிற்று. இப்போது காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, பஞ்சை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்சுவரில் சுட்டுவிரலை வைத்துத் துடையுங்கள். விரல் வெறும் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் நிம்மதி. நறநறவென்று மணல் ஒட்டினால், அதே மணல் பல ஆண்டுகளாகச் சிலிண்டருக்குள்ளும் போய் உரசியிருக்கிறது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள், அல்லது வந்துவிடுங்கள். நான் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யாமல், புதுப் பெயிண்டின் பளபளப்பில் மயங்கி ஒரு வண்டியை வாங்கினேன். விற்றவர் எஞ்சினைத் திறந்ததே இல்லை என்று சொன்னது உண்மைதான். திறந்திருக்க வேண்டிய எஞ்சின் அது.

முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை உதைப்பதில்தான் உண்மை தெரியும். கிக்கர் காலுக்கு எதிர்ப்பே காட்டாமல் சட்டென்று இறங்கினால் சிலிண்டரின் அழுத்தம் போய்விட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் தொடக்கத்தில் மட்டும் நீலப் புகை விட்டால் எஞ்சின் வால்வின் சீல் தேய்ந்திருக்கக்கூடும், சிறிய வேலை. தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங் வரை சந்தேகம். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் சுற்று இறங்காமல் தொங்கினால் கிராங்க் சீல் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கலாம். அதோடு மேடு ஏறினால் எஞ்சின் கவ்விக்கொள்ளும்.

ஓட்டும்போது

காற்றழுத்தம்தான் இங்கே கியர். மணலில் என் வேன்வேனை எட்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் ஓட்டுகிறேன், பிக் வீல் அதில் பாதியில் ஓடுகிறது. கார் டயருக்கான அளவுமானி இந்த எண்களைச் சரியாகக் காட்டாது, 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாத தனி மானி வேண்டும். ஒரே ஒரு பிஎஸ்ஐ கூடினாலும் டயர் பந்தைப் போலத் துள்ளும். டயருக்கு ஸ்பிரிங்கின் குணம் உண்டு, ஷாக் அப்சார்பரின் குணம் கிடையாது. அலையலையான மணலில் வேகம் கூட்டினால் துள்ளல் கூடிக்கொண்டே போய்த் தூக்கி எறியும். உடலைப் பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தை இலேசாக்கி, ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் வையுங்கள். ஹேண்டிலை இறுகப் பிடிக்காதீர்கள்.

ஆரிகன் மணல்மேடுகளில் வண்டிகளின் சத்தம் 93 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும், வனத்துறை நிலத்தில் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பானும் வேண்டும். பழைய வண்டிகளில் பலரும் அதை எடுத்து எறிந்திருப்பார்கள், வாங்கும்போதே கேளுங்கள். வண்டியில் உயரக் கம்பில் கட்டிய கொடியைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு உங்கள் தலைக்கு முன் அந்தக் கொடிதான் தெரியும்.

மேட்டின் உச்சியை நேராகத் தாண்டக் கூடாது. கோடையில் இங்கே காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே அந்தப் பக்கம் மென்சரிவாகவும், தென்கிழக்குப் பக்கம் கத்தியால் வெட்டியதைப் போலவும் இருக்கும். சாய்வாக ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே வேகத்தை முழுவதும் குறைத்து, எட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் இறங்குவோம். நேற்று நாங்களே இறங்கிய தடம் கண்ணெதிரே தெளிவாக இருந்தாலும் எட்டிப் பார்க்கிறோம். இரவு முழுவதும் வீசிய காற்றில் அந்தத் தடத்தின் மறுமுனை இல்லாமல் போயிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறோம்.