வெட்டுக் காசா, பன்றி ரூபாயா, பெட்டிக் காசா?

அலுவலகத்துத் தம்பி ஒருவர் போன மாதம் மூன்று படங்களை அனுப்பி, “அண்ணா, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?” என்று கேட்டிருந்தார். முதல் படத்தில் விளிம்பை எலி கடித்தது போன்ற ஒரு சிங்கப்பூர் பத்துக் காசு. 1985இல் தொடங்கிய, பூப் படம் போட்ட ‘பூ வரிசை’யைச் சேர்ந்தது. இரண்டாவதில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1911ஆம் ஆண்டு இந்திய ரூபாய், வெறும் அட்டைச் சட்டத்துக்குள். மூன்றாவதில் 2013ஆம் ஆண்டு மெர்லயன் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), காசின் தரத்தை மதிப்பிட்டு எண் தரும் தர நிறுவனம் ஒன்றின் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில், ‘எம்எஸ் 68’ (புழங்காத காசு, 70க்கு 68 புள்ளி) என்ற சீட்டுடன்.

பிழை, அச்சு வேறுபாடு, தரம். காசு சேர்ப்பவர்கள் பணத்தை விடும் மூன்று வழிகளும் ஒரே நேரத்தில் என் கைப்பேசிக்கு வந்துவிட்டன. சிங்கப்பூரின் பழம்பொருள் சந்தையான சுங்கை ரோடு சந்தை இருந்த காலமாக இருந்தால் காசைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, பேரம் பேசிவிட்டு வந்திருப்போம். 2017 ஜூலையில் அது மூடப்பட்ட பிறகு பாதி வியாபாரம் படத்தை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே எது படத்திலேயே உண்மையைச் சொல்லும், எது சொல்லாது என்பதிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

முதலில் கடி வாங்கிய பத்துக் காசு. தீபாவளிக்குச் சோமாசி செய்யும்போது விரித்த மாவில் மூடியை வைத்து வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். கவனம் பிசகி, முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் மூடி கொஞ்சம் ஏறிவிட்டால், அடுத்த வட்டத்தில் ஒரு பிறைத்துண்டு குறையும். நாணயச் சாலையிலும் அதேதான். உலோகத் தகடு போதிய அளவு நகராமல் போனால், அதிலிருந்து வெட்டும் வட்ட வில்லையில் பிறை விழும். அந்த வில்லை, உருவத்தைப் பதிக்கும் அச்சுக்குப் போனால் அது வெட்டுக் காசு.

அரத்தை எடுத்து ராவினாலும் பிறை கிடைக்கும் என்பதுதான் சிக்கல். அதனால் வெட்டைப் பார்க்காதீர்கள். வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அச்சடிக்கும் முன் வில்லையை உருட்டி விளிம்பை எழுப்புவார்கள். ஒரு பக்கம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது. அங்கே விளிம்பு மங்கலாகவும் சப்பையாகவும் இருக்கும். வெட்டுக்கு அருகிலுள்ள எழுத்துகளும் ஓரத்தை நோக்கி இழுபட்டது போல மெலிந்திருக்கும். எதிர் விளிம்பு சுற்றுச்சுவர் போலக் கனமாக நின்றால், வெட்டு பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டறையில் பிறந்தது. எடையும் உதவும். அந்தப் பத்துக் காசின் முறையான எடை 2.6 கிராம், வெட்டுப்பட்டது அதைவிடக் குறைய வேண்டும். ஆனால் ராவினாலும் எடை குறையும். ஆகவே தராசு துணைச் சாட்சிதான். முதல் சாட்சி விளிம்பு.

தம்பியின் படத்தில் வெட்டு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எதிர் விளிம்பு விற்பவரின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விரல் நகர்ந்து இன்னொரு படம் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள் என்றேன்.

பிழை என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பாதிக்குமேல் பிழையே அல்ல என்பது என் அனுபவம். துணி உலர்த்தும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உருண்ட காசு விளிம்பு தடித்து, எழுத்துகள் உள்ளே ஒடுங்கி, பார்க்க வினோதமாகத்தான் இருக்கும். அது சேதம். ‘இரட்டை எழுத்து’ என்று பெரிய விலை சொல்வார்கள். பெரும்பாலும் அச்சு விலகும்போது உரசியதால் வந்த இரட்டிப்பாக இருக்கும்: எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு போலத் தட்டையான ஒரு விளிம்பு தெரியும், எழுத்தும் அந்த அளவுக்கு ஒல்லியாகிப் போயிருக்கும். அச்சிலேயே இருமுறை பதிந்த உண்மையான இரட்டிப்பில் இரண்டு எழுத்துகளும் உருண்டு திரண்டிருக்கும். முனைகளில் பிளவு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல.

என்னிடமும் ஒருவர் கைவரிசை காட்டினார். பூ வரிசைக் காசுகளில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கிறது அல்லவா, அதில் தமிழ் ‘சிங்கப்பூர்’ மீது ஒரு புள்ளி இல்லாத காசைக் காட்டி, “தமிழர் நீங்கள், இதை விட்டுவிடாதீர்கள்” என்றார். மனம் ஒரு நிமிடம் ஆடித்தான் போனது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி இருக்க வேண்டிய இடம் மட்டுமல்ல, பக்கத்து எழுத்தின் வளைவும் மங்கலாக இருந்தது. அச்சின் குழியில் எண்ணெய்ப் பசையும் தூசியும் அடைத்துக்கொண்டால் இப்படி ஆகும். நாணயச் சாலையில் நேர்ந்ததுதான், ஆனால் அற்பமானது. அதற்கென்று யாரும் கூடுதல் விலை தருவதில்லை. எழுத்துப் பிழை என்றால் அச்சு செதுக்கும்போதே புள்ளி விட்டுப்போயிருக்க வேண்டும், அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்த ‘எல்லாக் காசிலும்’ என்பதுதான் பிழைக்கும் அச்சு வேறுபாட்டுக்கும் நடுவே உள்ள கோடு. பிழை ஒரு காசுக்கு நேரும் விபத்து. வேறுபாடு அச்சிலேயே இருப்பது. அந்த அச்சில் பிறந்த அத்தனை காசுக்கும் ஒரே மச்சம். மச்சத்தைப் பட்டியலில் பார்க்கலாம், இன்னொரு காசோடு ஒப்பிடலாம், போன ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்று தேடலாம். பிழைக் காசுக்கு அந்த வசதி குறைவு. விற்பவர் சொன்னதுதான் விலை. நாம் விற்கப் போகும் நாளில் வாங்குபவர் சொல்வதுதான் விலை. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நான் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறேன்.

1911 ரூபாய்க்கு வருகிறேன். இதைப் ‘பன்றி ரூபாய்’ என்பார்கள். அரசரின் அங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. துதிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது; மக்களிடம் முணுமுணுப்பு எழுந்தது; அரசு காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 முதல் துதிக்கை நீண்ட யானை வந்தது. ஒரே ஆண்டுக்குரிய உருவம், பதிவான கதை, லென்ஸில் தெளிவாகத் தெரியும் அடையாளம். 1912ஐ யாராவது சுரண்டி 1911 ஆக்கினால் யானையே காட்டிக்கொடுத்துவிடும். எடை 11.66 கிராம், வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம். இதில் நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி) நாணயங்களும் சளைத்தவை அல்ல. 1903ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்ட் டாலரில் பம்பாய் நாணயச் சாலையின் ‘பி’ எழுத்து ஒன்றில் குழிந்திருக்கும், இன்னொன்றில் புடைத்திருக்கும். புடைத்தது அரிது, விலை வேறு உலகம்.

வேறுபாடு எல்லாமே விலை பெறும் என்று நினைத்துவிட வேண்டாம். 1980களின் பூ வரிசைக் காசு ஒன்றையும் 1990களின் நடுப்பகுதிக் காசு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். சின்னத்துக்குக் கீழே ‘மாஜுலா சிங்கப்பூரா’ எழுதிய நாடா இரண்டிலும் எதிரெதிராக வளைந்திருக்கும். அழகான வேறுபாடு, சட்டைப்பைச் சில்லறையிலேயே கிடைக்கும், விலை முகமதிப்புதான். பூ வரிசைக்கு முந்திய, சிங்கப்பூரின் முதல் வரிசையைச் சேர்ந்த ஒரு சென்ட் காசும் அப்படியே: வெண்கலமாகத் தொடங்கி 1970களின் நடுப்பகுதியில் செம்பு பூசிய எஃகானது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு ஞாயிறு மதியம் ஓடிவிடும்.

ஊரில் தாத்தா பெட்டியில் பன்றி ரூபாய் கிடக்கிறது, வரும்போது எடுத்துவந்துவிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்; நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. இங்கே ஏற்கெனவே இருப்பதை இங்கேயே வாங்குவது நிம்மதி.

மூன்றாவது, பெட்டிக் காசு. 70 புள்ளி அளவுகோல் 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்தது. தர நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொழிலைத் தொடங்கிய பிறகு அது உலக வழக்கமாயிற்று. 60 முதல் 70 வரை புழங்காத காசு. 68 என்றால் வெறும் கண்ணுக்குக் குறை எளிதில் அகப்படாது. சரி, ஆனால் 2013இல் கோடிக்கணக்கில் புழக்கத்துக்கு விட்ட ஒரு வெள்ளிக்கு 68 என்ன செய்துவிடும்? இன்று அந்தத் தரத்தில் சில காசுகளே பதிவாகியிருக்கலாம். நாளை யாராவது வங்கிச் சுருளைப் பிரித்து ஐம்பது காசை அனுப்பினால் அந்த ‘சில’ என்பது பலவாகிவிடும். எந்தத் தரத்தில் எத்தனை காசு என்ற கணக்கை அந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன. வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெர்லயன் பெட்டிக்குக் கேட்ட விலையில் பெரும்பங்கு பெட்டிக்கும் தபாலுக்கும் ஆன செலவு என்றுதான் எனக்குப் பட்டது.

பெட்டியை நான் வெறுப்பவன் அல்ல. பொய்க் காசுகள் மலிந்த இடத்தில் அதுவே காப்பு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய், மேலே சொன்ன புடைத்த ‘பி’ டாலர் போன்றவற்றைப் பெட்டி இல்லாமல் படத்தில் பார்த்து வாங்க எனக்குத் துணிவில்லை. அப்போதும் பெட்டியின் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்ப்பேன், ஏனென்றால் பெட்டிக்கும் போலி உண்டு.

எங்கள் வீட்டில் அப்பா விட்டுச்சென்ற 1920ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற டாலர் ஒன்று இருக்கிறது. அம்மா அதைப் பூசை மாடத்தில் வைத்து, வெள்ளிதோறும் திருநீறு போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குக்கு இணையாக மின்ன வைத்திருந்தார். பெருமையோடு தரத்துக்கு அனுப்பினேன். எண்ணே இல்லாமல், ‘தேய்த்துக் கழுவியது’ என்ற குறிப்போடு பெட்டியில் திரும்பி வந்தது. லென்ஸில் பார்த்தால் அரசரின் கன்னமெங்கும் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். புளி, திருநீறு, பற்பசை மூன்றும் காசுக்குப் பகை. நம் ஊர் ஈரக்காற்றில் கருத்துப் போகிறதே என்று பதறாதீர்கள். கருப்பு தானாக வந்தது, அதற்கு மதிப்பு உண்டு. பதற வேண்டியது மெத்தென்ற பிவிசி உறையில் கசியும் பச்சைப் பிசுக்குக்குத்தான். உறையை மாற்றி, பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ஆக, தம்பிக்கு நான் எழுதியது: முதலில் பன்றி ரூபாய், யானையின் கிட்டப் படம் கேட்டுவிட்டு. அடுத்து வெட்டுக் காசு, எதிர் விளிம்பு மங்கலாக இருந்தால் மட்டும். மெர்லயன் வேண்டவே வேண்டாம். கோப்பிக் கடையில் மீதிச் சில்லறையில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வாங்கியது வெட்டுக் காசை. அவர் பிறந்த ஆண்டுக் காசாம். அதற்கு மேல் நான் என்ன பேச? மறுவாரம் மதிய உணவு நேரத்தில் கொண்டுவந்தார். தராசில் 2.4 கிராம். எதிர் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு கால் அங்குல நீளத்துக்குச் சுவரே இல்லை, பத்தாவது முறையாகவும் பார்த்துச் சிரித்தார். அன்றிரவு பன்றி ரூபாய் விற்றவருக்கு நானே செய்தி அனுப்பினேன்: “யானையின் படம் ஒன்று கிடைக்குமா?”