மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில்: நண்பன் இல்லாத பயணம்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் நீலகிரி மலை ரயிலில் பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கோடையில் என்னோடு பயணம் செய்த நண்பன், சென்ற ஆண்டு காலமானான். அவன் நினைவாகவே இம்முறை தனியாகப் பயணச்சீட்டு எடுத்தேன். 46 கிலோமீட்டர் தொலைவை ஏறிக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், விரைவாக உதகை சேர விரும்புவோருக்குப் பேருந்தே உகந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்வதே இப்பயணத்தின் உயிர்நாடி. பற்கள் கவ்வியதும் வேகம் தணிந்து, தரைப்பலகையிலிருந்து ஓர் அதிர்வு கால்களில் ஏறுகிறது. இயந்திரங்கள் என்றால் உயிரை விடும் அவன், அன்று அதை முழுமையாக உணர்வதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். (வீட்டில் மிதிவண்டியைப் பிரித்துப் போட்டு உதை வாங்கியவன் அவன்.) வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் இடைவேளையில் அவசியம் இறங்கிப் பாருங்கள். குன்னூரில் டீசல் எஞ்சின் பூட்டிய பிறகு சுவை சற்றுக் குறைகிறது. கேத்திப் பள்ளத்தாக்கு அதனை ஓரளவு ஈடுசெய்கிறது. இரண்டாம் வகுப்பு இருக்கைகள் நெருக்கமானவை. முழங்கால் வலியுள்ளோர் முதல் வகுப்பை நாடலாம். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ரயிலில் கோடை இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுவதால், நன்கு முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும்.