டைமிங் செயின் மாற்றியதாகச் சொல்லி 165,000 ரூபாய் வாங்கினார்கள்: கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வாசியுங்கள்

165,000 ரூபாய். என்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் செயினைத் தொடாமலே, மாற்றிவிட்டோம் என்று சொல்லி ஒரு கராஜ் வாங்கிய காசு. இன்று காலையில்தான் கண்ணால் பார்த்தேன். என்னுடையதைப் போல செயின் சத்தத்தோடு கார் ஓட்டும் யாராவது நாளைக்கே அந்த வாசலில் போய் நிற்கக்கூடும் என்பதால் உடனே எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. காலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போர்டும் யூனிஃபோர்ம் போட்ட பொடியன்களுமாக, பார்த்ததும் நம்பிக்கை வரும் நடுத்தர கராஜ். அவ்வளவு போதும்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறியது உங்களுக்குத் தெரியும். 2025இல் திறந்துவிட்ட பிறகும் புதுக் கார் என் சம்பளத்துக்கு எட்டாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் தகரப் பேணிக்குள் ஆணி போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். முதலில் ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து கிடக்கும், அதனால் வரும் சத்தம். பிறகு என்ஜின் சூடான பின்னும் சிக்னலில் நிற்கும்போது கேட்கத் தொடங்கியது. அப்படிக் கேட்டால் செயினே நீண்டிருக்கலாம், செயின் உரசி ஓடும் கைட் தேய்ந்திருக்கலாம். செயின் அதன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ரொக்கெட்) ஒரு பல் தாவினால்கூட டைமிங் பிசகும். என்னுடையது போன்ற என்ஜினில் பல பல் தாவினாலோ அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும். அத்தோடு என்ஜின் போச்சு.

மூன்று வழி இருந்தது: டென்ஷனரை மட்டும் மாற்றுவது, செயின் உட்பட முழு கிட்டையும் போடுவது, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய என்ஜின் ஒன்று பார்த்து இறக்குவது. அந்த கராஜ் முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினின் முன் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் தந்து, "நீங்களே கேளுங்க டீச்சர்" என்றார். கரகர என்று தெளிவாகக் கேட்டது. "டென்ஷனரை மட்டும் மாத்தினா கொஞ்ச நாளைக்குத்தான் அமைதியா இருக்கும். செயின், கைட், ஸ்ப்ரொக்கெட் எல்லாம் ஒண்டாப் போடணும். அரைகுறை வேலை நாங்க செய்யிறதில்லை" என்றார். புதுச் செயினைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். ஒயில் பிசுக்கு விரலில் ஒட்டியது.

அவர் சொன்னது அத்தனையும் சரி. என்னால் பொறுக்க முடியாதது அதுதான். எது சரியான வேலை என்று தெரிந்து, அதை எனக்குப் பாடமாகவே சொல்லித்தந்து, அதற்கான விலையை வாங்கிக்கொண்டு, எதைச் செய்யக்கூடாது என்றாரோ அதையே செய்திருக்கிறார்.

காரை எடுக்கப் போனபோது சத்தமில்லை. பழைய செயினைக் கேட்டேன். "பழைய இரும்புக்காரன் கொண்டு போயிட்டான் டீச்சர்." பில்லில் 'டைமிங் செயின் வேலை 165,000' என்று ஒரே ஒரு வரி. பாகங்களைத் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னதற்கு, கணக்கு எழுதும் பிள்ளை லீவாம்.

சில வாரம் போனதும் சத்தம் திரும்பி வந்தது. புதுச் செயின் செட் ஆக வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒயில் சரியில்லை என்றார்கள். அந்த ஒயிலை ஊற்றியதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு போன் எடுத்தால், "அண்ணன் வெளிய போயிருக்கார்." நேரில் போனால், கண்ணாடி அறைக்குள் அவர் இருப்பது தெரிய, வெளியே பிளாஸ்டிக் கதிரையில் காக்கவைத்தார்கள். என்ஜின் லைட் எரிந்ததைச் சொன்னதற்கு, "அது வேற பிரச்சினை, சென்சரா இருக்கும்."

தெஹிவளையில் இன்னொரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். ஸ்கேன் பண்ணியதும் பி0016 என்று வந்தது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்கான கோட் அது. எதையும் கழற்ற முன் அவர் டோர்ச் அடித்து முன் கவரைக் காட்டினார். போல்ட் தலைகளில் வருடக்கணக்கான ஒயில் அழுக்கு, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. கவரின் விளிம்பில், ஒயில் கசியாமல் பூசும் பழைய சீலன்ட் அப்படியே காய்ந்து கிடந்தது. இந்த என்ஜினில் அந்தக் கவரைக் கழற்றாமல் செயினை மாற்றவே முடியாது. ஓரத்தில் இருக்கும் சின்ன மூடியின் போல்ட்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. அதன் வழியாக டென்ஷனரை மட்டும் போட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே அதே பழைய செயின், பள்ளம் விழுந்த கைட். புது டென்ஷனரின் முனை கிட்டத்தட்ட முழுதாக வெளியே தள்ளி நின்றது, செயின் அவ்வளவு தளர்ந்திருக்கிறது.

படங்களை அந்த முதலாளிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "வேற இடத்தில திறந்திட்டீங்க, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதினார். அதன் பிறகு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். 165,000 ரூபாய், ஒரு டென்ஷனருக்கு!

எந்தச் சத்தத்துக்கு எந்த ரிப்பேர் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பழைய பாகங்கள் கைக்கு வராமல் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். முன் கவரைக் கழற்றிய பிறகு கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். காரை விடுவதற்கு முன்பே கவரின் போல்ட்களைப் படம் எடுத்து வையுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக வேண்டும். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் பேசுங்கள்; முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

என் முறைப்பாட்டை எழுதிவிட்டேன், நாளை கொடுக்கிறேன். காலி வீதிப் பக்கத்து ஒழுங்கை கராஜ் ஒன்றில் செயின் வேலைக்குக் காசு கட்டியவர்கள் இருந்தால், இன்றைக்கே போய் உங்கள் போல்ட்களைப் பாருங்கள், பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடுங்கள்.