கார்பரெக்: ரூன்ஸா, ரைட்ஸா?
நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கைப் புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

1990-இல் பதிவான ‘ஐ டுக் அப் த ரூன்ஸ்’ ஆல்பம், வட ஐரோப்பாவின் பழங்குடியான சாமி இனப் பாடகி மாரி பொய்னேவின் ‘குலா குலா’ பாட்டோடு தொடங்குகிறது. பிரேசிலின் நானா வாஸ்கான்செலோஸின் தாளம், பூகே வெசல்டாஃப்டின் சிந்தசைசர், சாமி மக்களின் பாரம்பரியப் பாட்டுமுறையான யோயிக் குரல் எல்லாம் கலந்தாலும் ஒரே குழு கூடி வாசிப்பதுபோலவே இருக்கிறது.

1998-இன் ‘ரைட்ஸ்’ இரட்டை ஆல்பம். இதில் சிந்தசைசரையும், பதிவான ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளரையும் கார்பரெக்கும் கையாள்கிறார். சிறுவர் பாடகர் குழுவும் உண்டு. ஜார்ஜியா நாட்டின் ஜான்சுக் காகித்ஸே, அந்நாட்டுத் தலைநகர் திபிலிசியின் இசைக்குழுவோடு பாடும் பாட்டுக்காகவே இதை வாங்கலாம். மற்றபடி நீளம் கொஞ்சம் அதிகம்தான். இடையில் எனக்குக் கவனம் நழுவியது.

நண்பர் கேட்டால் ரூன்ஸைத்தான் முதலில் கொடுப்பேன். ரைட்ஸ் அப்புறம், ராத்திரியில், ஹெட்போனோடு.