ரெகவரி டிஸ்க் இல்லையென்றால் ஃபார்மேட்தான் என்று சொல்லும் கடைகள்: உஷார்

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் என் விண்டோஸ் 10 லேப்டாப் நீலத் திரையோடு நின்றுவிட்டது, நான் வெளியூரில் இருந்ததால் தம்பிதான் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனான், முழு சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், புரோகிராம்கள், ஃபைல்கள் எல்லாம் சேர்ந்த அப்படியே நகல்) இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே. "அண்ணா, ரெகவரி சிடி இல்லாம இந்த பேக்கப்பை ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று போன் செய்தான். எதையும் தொட விடாமல் திருப்பி வாங்கு என்று நான் சொல்வதற்குள் வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடும் ஃபார்மேட் நடந்துவிட்டது. 3,500 ரூபாய் பில். அதில் "ஒரிஜினல் விண்டோஸ்" என்று 2,000! விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் அது, அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

சிடி வேண்டும் என்பது சுத்தப் பொய். ரெகவரிக்கான புரோகிராம் பெரும்பாலான லேப்டாப்களில் வட்டில் தனியாகப் பிரித்து வைத்த மறைவான ஒரு பகுதியிலேயே (பார்ட்டிஷன்) இருக்கும். விண்டோஸ் சில தடவை தொடர்ந்து பூட் ஆகாமல் (தொடங்காமல்) போனால் அதுவே எழுந்து வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் சிஸ்டம் இமேஜ் ரெகவரி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகிவிட்டு அதை அழுத்த வேண்டியதுதான் வேலை. இந்த மகானுபாவர்கள் அந்த பார்ட்டிஷனையும் சேர்த்து அழித்திருந்தார்கள்.

சரி, ஊருக்கு வந்ததும் நண்பரின் கணினியில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டாலுக்குப் போகாமல் ரிப்பேரைத் தேர்ந்தெடுத்தேன். நல்லவேளை, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கை வைக்கவில்லை, 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' ஃபோல்டர் அப்படியே இருந்தது (அதைப் பெயர் மாற்றினாலோ வேறு ஃபோல்டருக்குள் தள்ளினாலோ ரெகவரிக்குக் கண்ணில் படாது). பழைய சிஸ்டம் முழுசாகத் திரும்பி வந்தது. ஆனால் இமேஜ் எடுத்த பிறகு சேர்த்த ஃபைல்கள் போனது போனதுதான். ஃபார்மேட் செய்யும் முன் சி டிரைவைக் காப்பி எடுத்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும், ஒரு வார்த்தை கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

கடையில் போய்க் கேட்டால் "உங்க தம்பி ஓகே சொன்னாரே" என்கிறார்கள். பில்லிலோ வெறும் 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்றுதான் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.