முழங்கால் தேய்மானம்: ஸ்டீராய்டு ஊசியா, உடற்பயிற்சியா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளிக் காட்டில் குந்தி உட்கார்ந்து வேலை செய்பவர்கள் முழங்கால் வலிக்கு முதலில் கேட்பது ஊசிதான். வலி சில நாளில் தணியும். ஆனால் சில வாரமே தாங்கும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 2 ஆண்டு போட்டார்கள். உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது.

2020இல் வெளியான, 156 பேர் பங்கேற்ற ஆய்வில், ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவு. வீட்டிலேயே செய்யும் பயிற்சி இது: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி 5 நொடி நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினம் 2 வேளை. தொடைத்தசை வலுக்க 6 முதல் 8 வாரமாகும். அதற்குள் பலரும் விட்டுவிடுவதுதான் சிக்கல்.

எங்கள் பரிந்துரை பயிற்சியே. வலியால் காலை அசைக்கவே முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு ஒரு ஊசி போடலாம். வலி தணிந்த அந்த வாரங்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.