நெல்லை டவுன் சாக்குக் கடை: நிவாரண மூட்டைக்கு நம்பிப் போகலாம்

2008-ல் இலங்கையின் வன்னிப் பகுதி மக்களுக்காகத் தமிழ்நாட்டில் பொருள் திரட்டினார்களே, அப்போது எங்கள் தெரு அரிசியும் பருப்பும் மூட்டை கட்டியது ரதவீதிப் பக்கத்துச் சாக்குக் கடையில்தான். சென்னையிலிருந்து கப்பலில் கொழும்பு போன சரக்கைச் செஞ்சிலுவைச் சங்கம் விநியோகித்தது. போர் நடக்கும் நாட்டில் சோதனைச் சாவடிதோறும் மூட்டையைப் பிரிப்பார்கள். கடைக்கார அண்ணாச்சிக்கு அது தெரிந்திருந்தது.

"ஒரு மூட்டைக்கு ஒரு சாமான்தான் வே. கலந்து கட்டுனா லாரி அங்கயே கெடக்கும்" என்றார்.

உள்ளே பாலித்தீன் பை, வெளியே பெயிண்டில் பொருளும் எடையும், பிரித்துத் திரும்பத் தைக்கத் தோதாக வாயில் சணல் தையல். 25 கிலோவுக்கு மேல் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். இறக்குகிற இடத்தில் பெண்கள்தானே தூக்க வேண்டும்! கூலி கொஞ்சம் கூடுதல், ஆனால் தகும். இப்போது மகன் பார்க்கிறார், தையலில் குறையே இல்லை. ஞாயிறு கடை கிடையாது.